ஒரு செருமலுக்கு ஒரு எம்பல்

நான் உள்ளே விடச் சொல்லிக் கேட்கவே இல்லையே, அண்ணாச்சி. அதற்குள் ஏன் கம்பைக் குறுக்கே நீட்டுகிறீர்கள்? இந்த வேப்பமரத்தடியில் நிற்கிறேன். ரோடு ஊருக்குப் பொது, நிழலும் பொது. நீங்கள் உட்காருங்கள். பார்த்தால் ராத்திரியும் நீங்களே காவல் இருந்த மாதிரி இருக்கிறது, கண்ணெல்லாம் கோவைப்பழம். என் கண்ணும் அப்படித்தான், பாருங்கள். ராத்திரி முழுக்கப் பேக்கரியில் நின்றுவிட்டு, விடிந்ததும் தூத்துக்குடியில் பஸ் ஏறினேன். பாளையங்கோட்டையில் இறங்கி ஒரு டீ. நேரே இந்தக் காலேஜ் கேட். இந்தப் பையில் தேங்காய் பன் இருக்கிறது, நான் போட்டது. ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அட, லஞ்சம் இல்லை அண்ணாச்சி. பன்னுக்கு எந்த ஊரில் கேட் திறக்கிறது?

'உயரமா ஒருத்தர் வருவார், கண்ணாடி போட்டிருப்பார், தொண்டையைச் செருமிக்கிட்டே இருப்பார், அவரை விட்டுராதீங்க.' இப்படித்தானே சொல்லி வைத்திருக்கிறார்கள்? யார் சொன்னது? கோச், அந்த யாஸ்மின் மேடம்தானே? என்னது, பிள்ளையே வந்து சொன்னதா? இருக்காது. பெனிட்டா அப்படிச் சொல்கிற பிள்ளை இல்லை. மேடம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், இவள் வந்து ஒப்பித்திருப்பாள். என் மகளை எனக்குத் தெரியாதா?

இன்றைக்கு ஜெயித்தால்தான் யுனிவர்சிட்டி டென்னிஸ் டீமில் அவள் பேர் வரும். எதிரே யார் தெரியுமா? கோயம்புத்தூர்க்காரி சஹானா, அவளும் இந்த யுனிவர்சிட்டியில்தான் படிக்கிறாள். ஆம்பிளைப் பையன்களே அவள் சர்வுக்கு ஒதுங்கி நிற்பார்கள். அப்படிப்பட்ட நாளில் பெத்த தகப்பன் ரோட்டில் நிற்கிறேன். நிற்கிறது பெரிசில்லை. கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வரவில்லை. போன் வந்தால் அவள் அம்மாவுக்குத்தான் வரும். நான் போனை வாங்கினால் அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்கும், அவ்வளவுதான். மேட்ச் முடிந்து இந்த வழியாக வருவாள் இல்லையா, அப்போது என்னைப் பார்த்து ஒரு வார்த்தை, 'சாப்டியளாப்பா' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவேன்.

இருங்கள். கேட்டீர்களா? மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்ததே, பலகையில் பலகையால் அறைந்த மாதிரி. அதுதான் சஹானா சர்வ். அந்தச் சத்தமே தனி.

உங்களுக்கு டென்னிஸ் தெரியுமா? தினமும் பார்க்கிறீர்கள், தெரியாமலா இருக்கும். ஆனால் ஒன்று சொல்கிறேன், இதை ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். வேகமாக வருகிற சர்வைத் திருப்பி எடுக்கிறது கையில் இல்லை. காலில் இருக்கிறது. அந்தப் பக்கத்துக்காரி பந்தை மேலே தூக்கிப் போடுகிறாள். இந்தப் பக்கம் நிற்கிறவள் ராக்கெட்டைக் கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருக்க வேண்டும். தோள் தொங்க வேண்டும். தாடை தளர வேண்டும். தாடையை இறுக்கினால் தோள் இறுகும், தோள் இறுகினால் மணிக்கட்டு இறுகும், அப்புறம் நீங்கள் மனுஷன் இல்லை, நட்டு வைத்த கம்பம். அவள் ராக்கெட் பந்தைத் தொடப்போகிற கணத்தில் இவள் லேசாக எம்ப வேண்டும். குதிக்கக் கூடாது, எம்பல். இறங்குகிறபோது பந்து எந்தப் பக்கம் என்று கண்ணுக்குத் தெரிந்திருக்கும், காலுக்கும் தெரிந்திருக்கும். அப்புறம் வீச வேண்டிய வேலையே இல்லை. முன்னால் போய்ச் சும்மா தடுத்தாலே அவள் கொடுத்த வேகம் அவளுக்கே திரும்பிப் போகும். முந்தி எம்பினால் இறங்கித் தரையோடு ஒட்டிக்கொள்வீர்கள். பிந்தி எம்பினால் நீங்கள் அந்தரத்தில் இருக்கும்போதே பந்து வேலியில் கிடக்கும். அவ்வளவுதான் சூட்சுமம். தளர்ந்து நிற்கணும், நேரத்துக்கு எம்பணும்.

எனக்கு யார் சொல்லித் தந்தார்கள் என்கிறீர்களா? யாரும் இல்லை. நான் ராக்கெட்டைப் பிடித்து ஒரு பந்து அடித்ததில்லை. ரொட்டி வேகிற போர்மா அடுப்பு சூடேறுகிற வரைக்கும் எங்களுக்கு வேலை இல்லை. மற்றவர்கள் பீடி குடிப்பார்கள், படம் பார்ப்பார்கள். நான் செல்போனில் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் ஆடுகிறதை மெதுவாக ஓட்டிப் பார்ப்பேன். அவர்கள் கையை ஒருநாளும் பார்க்கவில்லை. காலை மட்டும் பார்த்தேன். எங்களிடம் தாவீது என்று ஒருத்தன் இருக்கிறான். மாவைப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடிவைத்தால் அவனுக்குப் பொறுக்காது. துணியைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பான், விரலால் குத்துவான். 'ஏல, அத சும்மா விடுல, அது தன்னால எழும்பும்' என்று அவன் கையில் ஒன்று போடுவேன். போட்டுவிட்டு மறுபடியும் போனைப் பார்ப்பேன். இவள் ஒருத்தியை எப்படியாவது தூக்கி நிறுத்திவிட வேண்டும், எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

பெனிட்டாவுக்கு எல்லா அடியும் வரும். கை அப்படிப்பட்ட கை. ஆனால் எதிரே ஒருத்தி வேகமாக சர்வ் போட்டால் முடிந்தது. தோள் காதுக்கு ஏறிவிடும். நான் வேலிக்கு வெளியே இருந்து, 'லூசா இரு! ஏட்டி, லூசா இருட்டி!' என்று கத்துவேன். ஒருநாள் பக்கத்தில் இருந்தவர், 'பெத்த பிள்ளைய எதுக்கு சார் பொது எடத்துல லூசுன்னு ஏசுறீங்க' என்று சண்டைக்கு வந்துவிட்டார். சிரிக்காதீர்கள். நான் கத்தக் கத்த அவள் இறுகினாள். அவள் இறுக இறுக நான் கத்தினேன். பிள்ளைக்குக் காது மந்தமோ என்றுகூட ஒரு சந்தேகம், டாக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டினேன். காது நன்றாக இருக்கிறது என்றார்.

எங்கள் ஊரில் ஒரு ஊழியர் கிளப். அங்கே மார்க்கர் வேலை பார்க்கிறவன் சேசு. மெம்பர்களுக்குப் பந்து போட்டு ஆடுகிறதுதான் அவன் உத்தியோகம். நான் ஷிப்ட் முடிந்து சூடாகப் பன் கொண்டுபோய்க் கொடுப்பேன், அவன் மெம்பர்கள் வருமுன் என் பிள்ளைக்கு சர்வ் போடுவான். கோட்டில் நிற்காமல் நாலு எட்டு முன்னால் வந்து நின்று போடுவான், அப்போதுதான் பந்து சீக்கிரம் வந்து சேரும். என் யோசனை அது. இவளுக்கு எம்புகிற நேரம் மட்டும் பிடிபடவே இல்லை. சேசு பந்தைத் தூக்கிப் போட்டு அடிக்கப் போனான் ஒருநாள், அதே நேரத்தில் எனக்குத் தொண்டையில் மைதா மாவு அரித்தது. 'ஹ்க்கும்' என்று செருமினேன். இவள் சட்டென்று எம்பினாள். பந்து திரும்பிப் போய்ச் சேசு காலடியில் விழுந்தது. அவனே அசந்துபோய், 'யண்ணே, இன்னொரு தரம் செருமுங்க' என்றான்.

அன்றைக்குப் பிடித்தது, அண்ணாச்சி. செல்போனில் பார்த்துப் பார்த்து எனக்குத்தான் அந்தக் கணம் அத்துப்படியே. நான் செருமுவேன், அவள் எம்புவாள். ஒரு செருமலுக்கு ஒரு எம்பல். மழைக்காலம் முடிகிறதுக்குள் சேசு போட்ட பந்தெல்லாம் திரும்ப ஆரம்பித்தது. அவன் பன்னைத் தின்றுகொண்டே ஒருநாள் சொன்னான்: 'யண்ணே, பிள்ள பந்தப் பாக்கலண்ணே. ஒங்க வாயத்தான் பாக்கு.' பொறாமை. தான் போட்ட பந்து திரும்பி வந்தால் எந்த மார்க்கருக்குப் பிடிக்கும்? பன்னை நிறுத்தினேன். அவனும் நிறுத்திக்கொண்டான்.

போட்டிகளுக்குப் போனோம். வெளியே இருந்து சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. செருமக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? நான் பேக்கரிக்காரன், நெஞ்செல்லாம் மாவு. எதிராளியின் அம்மாமார்கள் பாவப்பட்டு எனக்கு இருமல் மிட்டாய் தருவார்கள். ஒரு அம்மா பிளாஸ்கில் சுக்குத் தண்ணியே கொண்டுவந்து தந்தது. 'இத மெதுவா குடிங்க சார், ஒங்க பிள்ள நல்லா ஆடுது' என்று. நான் குடித்துவிட்டு, அவர்கள் பிள்ளை பந்தை அடிக்கப் போகிற நேரம் பார்த்துச் செருமுவேன்.

வீட்டில்கூடப் பாருங்களேன். உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பாள். எனக்கு நிஜமாகவே இருமல் வரும். அவள் தோள் இரண்டும் ஒரு தூக்குத் தூக்கி இறங்கும். கையிலிருந்த சோறு சிதறும். தூங்குகிறவள்கூட ஒரு துள்ளு துள்ளுவாள். உடம்பிலேயே ஏறிவிட்டது, அண்ணாச்சி! இப்படி ஒரு பயிற்சியைச் சொல்லுங்கள் பார்ப்போம். என் வீட்டுக்காரி லூர்து மட்டும், 'இங்க பாருங்க, இருமணும்னா வெளிய போய் இருமுங்க, பிள்ள நிம்மதியா ஒரு வாய் திங்கட்டும்' என்று கரண்டியைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். அவளுக்கு விளையாட்டைப் பற்றி என்ன தெரியும்.

சத்தம் வந்ததா? முதல் சத்தம் சஹானாவுடையது. இரண்டாவது? வந்ததே! மெத்தென்று ஒரு சத்தம், அது பெனிட்டா தடுத்தது. நன்றாகத் தடுத்திருக்கிறாள். யார் செருமினார்கள் என்று தெரியவில்லை.

கொஞ்சம் தண்ணீர் தருகிறீர்களா? தொண்டை அரிக்கிறது. இல்லை, பேசிக்கொண்டிருந்தால் செருமல் வராது. வாயை மூடினால்தான் வரும். அதனால் பேசுகிறேன், கோவித்துக்கொள்ளாதீர்கள்.

இந்தச் சஹானாவோடு போன வருஷம் மதுரையில் ஒரு மேட்ச். அங்கேதான் எல்லாம் கெட்டது. அவள் சர்வ் போடுகிறதை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறேன். பந்தே என் கண்ணில் படவில்லை. நான் சரியான நேரத்துக்குத்தான் செருமினேன். அவள் கை மேலே போனதுமே செருமினேன். பந்து கையை விட்டுக் கிளம்புகிறதுக்கு முன்னாலேயே செருமினேன், அவ்வளவு சுதாரிப்பாக இருந்தேன். இந்தப் பிள்ளை என்ன செய்கிறாள்? எம்பி, இறங்கி, காலை ஊன்றி நிற்கிறாள், அப்புறம்தான் பந்தே வருகிறது. பக்கத்தில் போகிறது, வெறித்துப் பார்க்கிறாள். கவனம் இல்லை. நான் இன்னும் முந்திச் செருமினேன். இன்னும் மோசம். முதல் செட் போயே போய்விட்டது.

சஹானாவின் அம்மா எழுந்து போய் அம்பயரிடம் ஏதோ சொன்னது. அவர் வந்தார். 'சார், உங்களுக்கு உடம்பு சரியில்லன்னா வெளியே போய் உக்காருங்க.' 'எனக்கு ஒண்ணும் இல்ல சார்.' 'அப்ப செருமாம இருங்க.' 'தொண்ட என்ன நான் சொல்லியா சார் கேக்கும்?' எல்லோரும் சிரித்தார்கள். பெனிட்டா சிரிக்கவில்லை. ராக்கெட்டின் நரம்புகளை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மதிலுக்கு வெளியே சாக்கடை ஓரம் நின்றேன். இன்றைக்கு மாதிரித்தான், ஒன்றும் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். கொஞ்ச நேரம் ஒற்றைச் சத்தம்தான். அப்புறம் ஒரு ரெட்டைச் சத்தம். அப்புறம் இன்னொன்று. அப்புறம் எல்லாமே ரெட்டை. ஒரு ஆள், 'ரெண்டாவது செட் தூத்துக்குடிப் பிள்ளைக்கு' என்று போனில் சொல்லிக்கொண்டு வெளியே வந்தார். சஹானாவுக்குத் தோள் வலி வந்திருக்கும், சர்வ் வேகம் குறைந்திருக்கும். இல்லாவிட்டால் வெயில் கண்ணில் அடித்திருக்கும். பெனிட்டாவுக்கு நேரம் நன்றாக இருந்தது.

ஆனால் கடைசி செட்டில் நேரத்தை நம்பி விட முடியுமா? நீங்களே சொல்லுங்கள். ஒத்தைப் பிள்ளை, உள்ளே தனியாக நிற்கிறாள். மதில் ஓரம் ஒரு மீன்கூடை கவிழ்ந்து கிடந்தது. ஏறி நின்றேன், தலை தெரியவில்லை. தெரிய வேண்டாம். தொண்டை எட்டினால் போதுமே. சத்தத்தை வைத்துக் கணக்குப் பண்ணி, பலமாக ஒரு செருமல் விட்டேன். மதிலுக்கு மேலே போகிற மாதிரி. 'அப்பா இருக்கேன்' என்று அவளுக்குத் தெரியட்டும் என்றுதான்.

அதற்குப் பிறகு ஒற்றைச் சத்தம்தான், அண்ணாச்சி. வரிசையாக ஒற்றைச் சத்தம். கைதட்டினார்கள். முடிந்துவிட்டது.

திரும்புகிற பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. கண்டக்டர் சீட் பக்கம் போய் நின்றுகொண்டே வந்தாள், இடம் கிடந்தும். வீட்டில் அவள் அம்மாவிடம் சொன்னாளாம்: 'அப்பா செருமுனா எனக்குக் கால் தன்னால கெளம்புதும்மா. அப்பா இல்லாத எடத்துலயும் அது கேக்குதும்மா.' லூர்து அழுதுகொண்டே வந்து சொன்னாள். எதற்கு அழுகிறாள் என்றே எனக்குப் புரியவில்லை. நான் இல்லாத இடத்திலும் என் சத்தம் கேட்கிறது என்கிறாள் பிள்ளை. வேறு எந்தப் பிள்ளைக்குத் தகப்பன்மேல் இவ்வளவு பிடிப்பு இருக்கும்?

அப்புறம் இங்கே காலேஜில் இடம் கிடைத்து ஹாஸ்டலுக்கு வந்துவிட்டாள். கிளம்புகிற அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. 'யப்பா, ஒரே ஒரு மேட்ச் நீங்க இல்லாம ஆடுதேம்ப்பா. ஒண்ணே ஒண்ணு.' சரிம்மா என்றேன். பிள்ளை கேட்கும்போது இல்லை என்று சொல்ல மனசு வருமா? சொல்லிவிட்டு எப்படி வராமல் இருக்கிறது? வந்தேன். அப்போது உங்கள் இடத்தில் வேறு ஒருத்தர் இருந்தார், விட்டுவிட்டார். கடைசி வரிசையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், மாதா பேரில் சொல்கிறேன், ஒரு செருமல் செருமவில்லை. துண்டு நுனியை வாயில் அடைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வர உட்கார்ந்திருந்தேன். ஆனால் அவள் பார்த்துவிட்டாள். அதிலிருந்து ஒவ்வொரு சர்வுக்கும் எம்பாமல் நின்றாள். காத்துக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றாள். பந்து போன பிறகு எம்பினாள். தோற்றாள்.

நான் சத்தமே போடவில்லை! அதற்கும் நான்தான் காரணமாம். அன்றைக்கு யாஸ்மின் மேடம் வந்து சொன்னார்கள், 'சார், உங்க பொண்ணு சர்வுக்கு நிக்கல, உங்களுக்கு நிக்கிறா.' படித்தவர்கள், அழகாகப் பேசுகிறார்கள். நான் பேச்சுக்குப் பேச்சு, 'எனக்கு நின்னா என்ன மேடம் தப்பு, நான் யாரு' என்றேன். அவர்கள் இவள் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இவளும் போனாள். அதற்குப் பிறகுதான் கேட்டில் சொல்லி வைத்தது, எல்லாம்.

உங்களுக்கும் பிள்ளைகள் இருக்கும். நீங்கள் போய் நின்றால் அதுகள் தலையைக் குனிந்துகொள்ளுமா?

என்னது, மெதுவாகப் பேச வேண்டுமா? உள்ளே கேட்கிறதா? கேட்காது, இவ்வளவு தூரம். சரி, மெதுவாகப் பேசுகிறேன். பேசாமல் இருக்கச் சொல்லாதீர்கள், வந்துவிடும். கடைசி கேம் என்றா சொல்கிறார்கள் மைக்கில்? நான் இந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன். துண்டை வாயில் வைத்துக்கொள்கிறேன், பாருங்கள். போதுமா?

. . .

கைதட்டு. யாருக்கு? போய்ப் பார்த்துச் சொல்லுங்கள், அண்ணாச்சி, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். நான் இந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன்.

ஜெயித்துவிட்டாளா? நிஜமாகவா? சஹானா சர்வ் போட்ட கேமையே பறித்தாளா? மாதாவே! நான் சொன்னேன் இல்லையா? என் குரல் கேட்டிருக்கும். அப்பா கேட்டில் நிற்கிறார் என்று தெரிந்திருக்கும், அந்தத் தெம்பிலேயே ஆடியிருப்பாள். தளர்ந்து நிற்கணும், நேரத்துக்கு எம்பணும், வேறு யார் சொல்லித் தந்தது? லூர்துக்குப் போன் போட வேண்டும். இல்லை, இருக்கட்டும், அவளே சொல்லட்டும்.

அதோ வருகிறாள். அந்த நீலப் பை அவளுடையதுதான். மெலிந்துவிட்டாள், ஹாஸ்டல் சாப்பாடு. ஆனால் நடையைப் பாருங்கள், கை இரண்டும் எப்படி வீசிக்கொண்டு வருகிறாள், பக்கத்தில் வருகிற பிள்ளையிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கிறபோது அவள் பல் தெரியும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பெனிட்டா! ஏம்மா! இங்க!

நின்றுவிட்டாள்.

வெயில் முகத்தில் அடிக்கிறது, ஆள் தெரியவில்லை போல. மரத்தடியிலிருந்து வெளியே வருகிறேன். இதோ, இப்போது தெரியும். ஏன் பையை முன்னால் இழுத்துக் கட்டிப்பிடித்துக்கொள்கிறாள்? உங்களைத்தான் கூப்பிடுகிறாள், அண்ணாச்சி. போங்கள், போங்கள். அப்பாவை உள்ளே விடச் சொல்வாள்.

என்ன சொன்னாள்? சாவியா? இந்த கேட் திறந்துதானே கிடக்கிறது, சாவி எதற்கு? ஓ. பின்பக்கம் ஒரு கேட் இருக்கிறதா? தெரியாது எனக்கு. அந்தப் பக்கம்தான் ஹாஸ்டல் கிட்டேயா? அப்படித்தான் இருக்கும். ஆடிக் களைத்த பிள்ளை, சுற்றி நடக்க முடியாது, பாவம்.

நீங்கள் போய்த் திறந்துவிட்டு வாருங்கள், அண்ணாச்சி. கேட்டில் ஆள் இல்லாமல் இருக்கக் கூடாதே என்று பார்க்கிறீர்களா? கம்பை இப்படிக் கொடுங்கள். நீங்கள் வருகிற வரைக்கும் நான் நிற்கிறேன். ஒருத்தரையும் உள்ளே விட மாட்டேன்.